விலையில்லாப் பொருளும் வேலியிட்ட சந்தையும்

பண்டம் விற்போர் பலராய் இருக்கும்போது வாங்குவோர்க்கு நன்மை உண்டு என்பதும், விற்பவன் ஒருவனேயாகில் அவன் வைத்ததே விலை என்பதும் சந்தைக்குச் செல்லும் எவரும் அறிந்த உண்மைகள். இவ்வுண்மைகளை அடிப்படையாகக் கொண்டே உலக நாடுகள் போட்டியைக் காக்கும் சட்டங்களை இயற்றியுள்ளன. ஆனால், அச்சந்தைக்கு விலையே கேளாத ஒருவன் தன் பண்டத்தோடு வந்துவிட்டால் நிகழ்வது யாது? விலை குறைத்து அவனை வெல்ல இயலாது. பணங் கொடுத்து அவனை வாங்கிவிடவும் இயலாது. அத்தகையவனை வெளியே நிறுத்த விரும்பும் பெருவணிகன் கைக்கொள்ளும் வழி எது? அவ்வழியைத் தடுக்க முனையும் சட்டம் அவனை உள்ளபடி கண்டுகொள்கின்றதா? கணினி மென்பொருள் உலகிற் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைக்கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

பழைய தனியுரிமை

ஒரு நிறுவனம் ஒரு பண்டத்தின் சந்தை முழுவதையும் தன் கைக்குள் அடக்கிக் கொள்ளுதலைப் பொருளியலார் தனியுரிமை என்பர். தனியுரிமை பெறுதல் தானே குற்றமாகாது. நல்ல பண்டத்தை நயமான விலைக்குக் கொடுத்து ஒருவன் முன்னேறினால் அவனைத் தண்டித்தல் முறையன்று. அவ்வாறு பெற்ற பலத்தைக் கொண்டு பிறர் உள்ளே வரும் வாயிலை அடைப்பதே குற்றம். ஐக்கிய அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு நிறைவேறிய ஷேர்மன் சட்டத்தின் உட்கிடை இதுவேயாம். எண்ணெய் வணிகத்தைத் தன்வசமாக்கிய ஸ்ரான்டர்ட் ஒயில் கம்பனி, புகையிரதக் கம்பனிகளிடம் மறைவான தள்ளுபடிகளைப் பெற்றே தன் எதிரிகளைப் பின்தள்ளியது. அதனை 34 கம்பனிகளாகப் பிரித்த 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது.

அக்காலத்துத் தனியுரிமையாளர் கையாண்ட முறைகளை மூன்றாக வகுக்கலாம். விலையைத் தாழ்த்தி எதிரியை நட்டப்படுத்துதல் ஒன்று. நட்டப்பட்டவனை வாங்கிவிடுதல் மற்றொன்று. பண்டம் சந்தையை அடையும் பாதையைத் தன் வசமாக்குதல் மூன்றாவது. விலை கேளாத எதிரியிடம் முதலிரண்டும் பலிக்கமாட்டா. மூன்றாவது மாத்திரமே எஞ்சி நிற்கும். இனி நாம் கூறப்போவதெல்லாம் இம்மூன்றாவது முறையின் புதிய உருவங்களேயாம்.

கட்டற்ற மென்பொருளாவது யாது?

கணினி மனிதர் இட்ட கட்டளைப்படி நடக்கும் பொறி. அக்கட்டளைத் தொகுதியை மனிதர் வாசித்து விளங்கக்கூடிய வடிவில் எழுதியது மூலநிரல் எனப்படும். பொறி மாத்திரமே விளங்கக்கூடியதாக மாற்றியது இயங்குநிரல் எனப்படும். பெரும்பாலான வணிக நிறுவனங்கள் இயங்குநிரலை விற்று, மூலநிரலைப் பூட்டி வைத்துக் கொள்கின்றன. சமைத்த உணவை விற்பவன் செய்முறையை மறைத்தலோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உணவை உண்டவன் அதனைத் தன் வீட்டிலே வேறுவிதமாகச் சமைத்துப் பார்க்கலாம். இயங்குநிரலை வாங்கியவன் அதனைத் திருத்தவும் இயலாது, அயலானுக்குக் கொடுக்கவும் இயலாது.

இந்நிலையை ஏற்க மறுத்த றிச்சட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்க நிரலாளர், 1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் குனூ என்னுந் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பெறுபவர்க்கு நான்கு உரிமைகள் வேண்டும் என்பது அவர் கொள்கை: விரும்பியவாறு இயக்கல், மூலநிரலைக் கற்றுத் திருத்தல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கல், தாம் திருத்தியதையும் வழங்கல். இவ்வுரிமைகளைச் சட்டத்தால் உறுதிசெய்யும் பொதுமக்கள் உரிமத்தை அவர் 1989இல் வெளியிட்டார். பெற்ற உரிமைகளைக் கீழே பெறுபவர்க்கும் குறையாமற் கொடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

ஆங்கிலத்தில் இம்மென்பொருளைக் குறிக்கும் சொல் இலவசம், சுதந்திரம் என்னும் இரு பொருளையும் தருவதால் அங்கே ஓயாத மயக்கம் நிலவுகின்றது. தமிழில் அம்மயக்கத்துக்கு இடமில்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. கட்டற்ற மென்பொருளை விற்கவுஞ் செய்யலாம். ஆனால், வாங்கியவர் அதனை நூறு பேருக்குச் சும்மா கொடுத்தலை எவரும் தடுக்க முடியாது. இவ்வொரு பண்பினால் அதன் விலை நாளடைவிற் சுழியத்தை நோக்கி இறங்குகின்றது. இதே பண்பினால் அதனை விலைக்கு வாங்கி அழித்தலும் இயலாததாகின்றது. ஒரு கம்பனியை வாங்கினாலும் ஏற்கெனவே பரவிய படிகளை வைத்திருப்போர் உரிமையை வாங்க முடியாதன்றோ?

வாசலில் வைத்த வரி

பாதையை அடைக்கும் முதல் உருவத்தைக் காண்பாம். கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒருங்கே ஆள்வது பணிசெயல் முறைமை என்னும் அடிப்படை மென்பொருள். அதனைக் கடையிற் சென்று வாங்குவோர் சிலரே. பெரும்பாலோர் கணினி வாங்கும்போதே அது உள்ளே இருக்கின்றது. ஆகவே, கணினி உற்பத்தியாளரின் வாசலே இச்சந்தையின் வாசல்.

மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் உற்பத்தியாளரோடு ஒருவகை ஒப்பந்தம் செய்து வந்தது. குறித்த வகைச் செயலியைக் கொண்டு ஓர் உற்பத்தியாளர் விற்கும் கணினி ஒவ்வொன்றுக்கும், தன் முறைமை அதனுள் இருப்பினும் இல்லாவிடினும், தனக்குக் கட்டணஞ் செலுத்த வேண்டும் என்பதே அவ்வொப்பந்தம். அதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவாம். அக்கட்டணம் 30 டொலர் என்றும், வேறொருவரின் முறைமை 20 டொலர் என்றும் வைத்துக்கொள்வோம். மலிவான இரண்டாவதைக் கணினியிற் சேர்க்க விரும்பும் உற்பத்தியாளர் 30 டொலரையுஞ் செலுத்தி, 20 டொலரையுஞ் செலுத்த வேண்டும். மலிவானது 50 டொலராகிவிடுகின்றது. எதிரியின் விலை சுழியமேயாயினும் 30 டொலர் கொடுத்தே தீர வேண்டும். இலவசத்தின் நயம் வாசலிலேயே அழிந்துபோகின்றது.

அமெரிக்க நீதித் திணைக்களம் 1994 யூலை 15ஆம் திகதி இம்முறையை எதிர்த்து வழக்குத் தாக்கல் செய்தது. இவ்வகை ஒப்பந்தத்தைக் கைவிட நிறுவனம் இணங்கியது. அவ்விணக்கம் 1995 ஓகஸ்ற் மாதத்தில் நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. அக்காலத்தில் இதனால் நேரடியாக இடருற்றவை பெரும்பாலும் வேறு வணிக நிறுவனங்களின் முறைமைகளே. லினக்ஸ் அப்போது குழந்தை. ஆயினும், விலையில்லாப் பொருளுக்கும் வரி விதிக்கலாம் என்பதனை இவ்வழக்கு முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியது.

மொழியை மறைத்தல்

இரண்டாவது உருவம் இதனினும் நுட்பமானது. அலுவலகமொன்றிலுள்ள பல கணினிகள் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. கோப்புகளைக் கேட்டுப் பெறுகின்றன; அச்சுப்பொறிக்கு வேலை அனுப்புகின்றன; இன்னார்க்கு இன்னது திறக்கலாம் என்று விசாரித்தறிகின்றன. இப்பேச்சுக்குரிய இலக்கணமே தொடர்பு நெறிமுறை எனப்படும். மேசைமேலுள்ள கணினிகளெல்லாம் ஒரே நிறுவனத்தின் முறைமையைக் கொண்டிருந்து, அந்நிறுவனம் தன் நெறிமுறையை மறைத்துவிட்டால், அறையின் மூலையில் நின்று அவற்றுக்குப் பணிபுரியும் சேவையகமும் அந்நிறுவனத்தினதாகவே இருக்க வேண்டும். வேறொருவரின் சேவையகம் எத்துணைச் சிறந்ததாயினும் ஊமையாகிவிடும்.

அவுஸ்திரேலியாவின் தலைநகரான கன்பராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிட்ஜல் என்பார், இவ்வூமைக்கு வாய் கொடுக்க முனைந்தார். 1992இல் அவர் முதன்முதல் வெளியிட்ட நிரல் பின்னர் சம்பா என்று பெயர் பெற்றது. நெறிமுறையின் பெயரான எஸ்.எம்.பி. என்னும் மூன்றெழுத்தும் அம்முறையே வரும் சொல்லை அகராதியில் தேடி எடுத்த பெயர் அது. எம்மூர்ச் சம்பா அரிசிக்கும் அதற்கும் உறவில்லை. மூலநிரலைப் பாராமலே மொழியை அறிந்த தம் முறையை டிரிட்ஜல் ஓர் உவமையால் விளக்குவார். பிரெஞ்சு மொழி அறியாத ஒருவன் பிரான்சு நாட்டுக் காப்பிக் கடையில் அமர்ந்து, இன்ன ஒலிக்கு இன்ன பண்டம் வருகின்றது என்று கவனித்துக் குறித்துக்கொள்கின்றான். அவ்வாறே கம்பியில் ஓடும் செய்திகளைக் கவனித்துக் கவனித்து அம்மொழியின் இலக்கணத்தை அவர் எழுதினார்.

காது கொடுத்துக் கேட்டுக் கற்பவனைத் தடுக்க விரும்பினால் மொழியை அடிக்கடி மாற்றிக் கொண்டிருக்க வேண்டும். 1998இல் வெளியே கசிந்த மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் உள்ளறிக்கையொன்று, பொதுவான எளிய நெறிமுறைகள் வழியாகவே கட்டற்ற மென்பொருள் உள்ளே நுழைகின்றது என்றும், அந்நெறிமுறைகளை நீட்டியும் புதியன வகுத்தும் அந்நுழைவைத் தடுக்கலாம் என்றும் கூறியது. கேபரோஸ் என்னும் அடையாளங்காணும் நெறிமுறை மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பிறந்து எல்லார்க்கும் பொதுவாய் இருந்தது. அதனையே வின்டோஸ் 2000 முறைமையிற் சேர்த்துக்கொண்ட நிறுவனம், அதன் ஒரு பகுதியிற் தன் குறிப்புகளை இட்டு, அவற்றின் விளக்கத்தை வணிக இரகசியம் என்ற நிபந்தனையோடு வெளியிட்டது. பொதுக் கிணற்றுக்குச் செல்லும் பாதையின் கடைசி முழத்திற்கு வேலி போட்டதுபோல் இது அமைந்தது.

மருந்தே நோயாதல்

சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1998 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் இதுபற்றி முறையிட்டது. ஐந்தாண்டு விசாரணையின் பின் 2004 மார்ச் 24ஆம் திகதி ஆணைக்குழு தன் முடிவை வழங்கிற்று. தண்டப்பணம் 497 மில்லியன் யூரோவுக்குச் சற்று மேல். அதனினும் முக்கியமானது கட்டளை: சேவையகங்கள் தம்முட் பேசுதற்கு வேண்டிய நெறிமுறை விளக்கங்களை 120 நாள்களுக்குள், நியாயமானதும் பாரபட்சமற்றதுமான நிபந்தனைகளின்மேல், போட்டியாளர்க்கு வெளியிடல் வேண்டும்.

நியாயமானது, பாரபட்சமற்றது என்னுஞ் சொற்கள் கேட்க இனியன. விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அவை பொருத்தமும் ஆகும். வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்தி அந்நிறுவனம் தன் தொழிலை நடத்தும். கட்டற்ற மென்பொருளை எழுதுவோர்க்கோ அச்சொற்களே பூட்டாயின. அவர்கள் வழங்கிய படியிலிருந்து எத்தனை படிகள் எங்கெங்கே எடுக்கப்பட்டன என்பதை எவரும் எண்ண முடியாது. எண்ண முடியாத படிகளுக்குக் கட்டணம் அளப்பது எங்ஙனம்? மேலும், பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பிலுள்ள 7ஆம் பிரிவு, பெறுவோர் யாவரும் கட்டணமின்றிப் பிறர்க்கு வழங்குதலை ஓர் ஆக்கவுரிமை தடுக்குமாயின் அம்மென்பொருளை அறவே வழங்கலாகாது என்று விதிக்கின்றது. விளக்கங்களைக் கொண்டு எழுதிய மூலநிரலை வெளியிடலாகாது என்பதும் நிறுவனம் முதலில் விரும்பிய நிபந்தனை. மூலநிரலை வெளியிடாமல் கட்டற்ற மென்பொருள் என்று ஒன்றில்லை. பாரபட்சமற்ற நிபந்தனை என்று கூறப்பட்டது, யாருக்காக வாயில் திறக்கப்பட வேண்டுமோ அவரையே வெளியில் நிறுத்தியது. ஏணி ஏறத் தெரிந்த யாவரும் வரலாம் என்று கூறி, காலில்லாதவனையும் சமமாக நடத்தினோம் என்பது போன்ற சமத்துவம் அது.

அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. நீதித் திணைக்களமும் 20 மாநிலங்களும் 1998 மே மாதம் தொடுத்த பெருவழக்கின் முடிவில், 2002 நவம்பரில் ஏற்கப்பட்ட இறுதித் தீர்ப்பு நெறிமுறைகளை வெளியிடுமாறு பணித்தது. ஆனால், பாதுகாப்புத் தொடர்பான சில விளக்கங்களைக் கேட்போர், தம் வணிகத்தின் உண்மைத் தன்மையும் நிலைபேறும் குறித்து மைக்ரோசொஃப்ற் வகுக்கும் அளவுகோலுக்கு உட்படுதல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு இடங்கொடுத்தது. ஓய்வு நேரத்தில் எழுதும் மாணவரும் தொண்டரும் எவ்வணிகத்தின் நிலைபேற்றைக் காட்டுவர்?

விலகியோரும் நின்றோரும்

ஐரோப்பிய முடிவை எதிர்த்து நிறுவனம் மேன்முறையீடு செய்தது. இதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்க வேண்டிய பகுதி. முதன்முறை முறையிட்ட சன் நிறுவனம் 2004 ஏப்ரலில் ஏறத்தாழ 1,950 மில்லியன் டொலர் பெற்று இணங்கிவிட்டது. வழக்கில் ஆணைக்குழுவுக்குத் துணைநின்ற நொவெல் 2004 நவம்பரில் 536 மில்லியன் டொலர் பெற்று விலகியது. றியல்நெற்வேக்ஸ் நிறுவனம் 2005 ஒக்ரோபரில் 761 மில்லியன் டொலர் பெறும் இணக்கத்தோடு விலகியது. இவற்றிற் சட்டத்துக்கு மாறானது ஏதுமில்லை. வணிகர் வணிகரோடு இணங்கினர். ஆயினும், போட்டியைக் காக்க எழுந்த வழக்கு, போட்டியாளர் ஒவ்வொருவராகப் பணம் பெற்று வீடு திரும்பும் காட்சியாக மாறியது.

விலகாது நின்றோருள் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சம்பா குழுவினரும் குறிப்பிடத்தக்கவர். அவர்களை விலைக்கு வாங்க வழியில்லை. அவர்கள் வேண்டியது பணமன்று, இலக்கணம். தமக்கென மாத்திரம் பெற்றுக்கொண்டு போகவும் அவர்களால் இயலாது. அவர்கள் உரிமத்தின்படி தமக்குக் கிடைப்பது யாவர்க்கும் கிடைக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளை விலையால் வெல்ல இயலாது என்று முன்னர்க் கூறினோம். வழக்கையும் அதனிடமிருந்து விலைக்கு வாங்க இயலாது என்பதை இங்கே காண்கின்றோம்.

2007 செப்ரெம்பர் 17ஆம் திகதி ஐரோப்பிய முதனிலை நீதிமன்றம் ஆணைக்குழுவின் முடிவை முக்கிய பகுதிகளில் உறுதிசெய்தது. தான் கண்டதைத் தனக்கென வைத்திருக்க ஒருவனுக்கு உரிமை இல்லையா என்னும் நியாயமான கேள்வியை நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. அவ்வுரிமை உண்டு. ஆனால், சந்தையை ஆள்பவன் பிறர்க்கு இன்றியமையாத ஒன்றை மறுத்து, பயனுள்ள போட்டி அறவே நீங்கவும், மக்கள் வேண்டும் புதிய பண்டம் தோன்றாதொழியவும் செய்வானாயின், தகுந்த காரணம் காட்டாதவிடத்து அது பலத்தைத் தவறாகக் கையாளுதலாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

அவ்வாண்டு ஒக்ரோபர் 22ஆம் திகதி, ஆணையாளர் நீலி குரூஸ் அவர்களுடன் நிறுவனம் ஓர் இணக்கத்துக்கு வந்தது. ஆக்கவுரிமையோடு கூடிய உலகளாவிய உரிமத்துக்கு வருமானத்தில் 5.95 வீதம் கேட்டது 0.4 வீதமாயிற்று. நெறிமுறை விளக்கங்கள் மாத்திரம் வேண்டுவோர் ஒரேயொருமுறை 10,000 யூரோ செலுத்தினாற் போதும். படிக்கு இவ்வளவு என்னும் அளவை நீங்கியவுடனே பூட்டுத் திறந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 20ஆம் திகதி, இதற்கெனவே அமைக்கப்பட்ட அறநிறுவனமொன்று அப்பணத்தைச் செலுத்தி விளக்கங்களைப் பெற்றது. விளக்க ஏடுகளை இரகசியமாக வைத்தல் வேண்டும். அவற்றைக்கொண்டு எழுதிய மூலநிரலைத் தடையின்றி வெளியிடலாம் என்பது உடன்பாடு. அதன் பயனாக வின்டோஸ் வலையமைப்பொன்றை முழுமையாக ஆளவல்ல சம்பா 4ஆம் பதிப்பு 2012 டிசெம்பரில் வெளிவந்தது. நியாயமற்ற கட்டணங் கேட்ட காலத்துக்காக ஆணைக்குழு 2008இல் விதித்த மேலதிகத் தண்டப்பணம், 2012இல் நீதிமன்றத்தால் 860 மில்லியன் யூரோவாகக் குறைக்கப்பட்டு நிலைபெற்றது.

நிறுவனமும் தன் போக்கை மாற்றிக்கொண்டது என்பதையுஞ் சொல்லுதல் நடுவுநிலைமையாகும். 2008 பெப்ரவரியில் 30,000 பக்கங்களுக்கு மேற்பட்ட நெறிமுறை விளக்கங்களை அது எல்லார்க்குமாக வெளியிட்டது. 2011இல் சம்பாவுக்கே தன் பங்காகச் சில நிரல் வரிகளை அனுப்பியது. 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையில் அங்கத்துவம் பெற்றது.

இலவசமே சூழ்ச்சியாகாதா?

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். சும்மா கொடுத்தலே போட்டியைக் கெடுக்கும் செயலன்றோ? மைக்ரோசொஃப்ற் தன் இணைய உலாவியைச் சும்மா கொடுத்து நெற்ஸ்கேப் நிறுவனத்தை வீழ்த்திற்று என்று குறை கூறுவோர், கட்டற்ற மென்பொருளைச் சும்மா கொடுப்போரை ஏன் குறை கூறுவதில்லை?

இவ்வினா நீதிமன்றத்துக்கே சென்றது. இந்தியானா மாநிலத்தில் ஒருவர், பொதுமக்கள் உரிமம் விலையைச் சுழியமாக நிலைநிறுத்தும் கூட்டுச் சதியென்றும், அதனாற் தாம் ஒரு பணிசெயல் முறைமையை விற்று வாழ இயலாதென்றும் ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடர்ந்தார். 2006 நவம்பர் 9ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் ஈஸ்ரபுறூக் வழங்கிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. எதிரியைக் கொல்லும் விலைக்குறைப்பு தீங்காவது, எதிரி ஒழிந்தபின் விலை உயரும் என்பதனாலேயே. கட்டற்ற மென்பொருளின் விலையைப் பின்னர் எவரும் உயர்த்த முடியாது. உயர்த்த முயன்றால், கையிற் படி வைத்திருக்கும் எவரும் அதனை மறுபடி சும்மா கொடுத்துவிடலாம். உரிமமே அதற்குக் காவல்.

உலாவி வழக்கிலும் விலையின்மை குற்றமாகக் கொள்ளப்படவில்லை. 2001 யூன் 28ஆம் திகதி வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், உலாவியைச் சும்மா கொடுத்ததற்காக நிறுவனத்தைக் குற்றங் கூறவில்லை. நெற்ஸ்கேப் உலாவியைச் சேர்க்கவிடாது கணினி உற்பத்தியாளரையும் இணையச் சேவை வழங்குநரையும் ஒப்பந்தங்களாற் கட்டியதும், உலாவியைப் பணிசெயல் முறைமையிலிருந்து பிரிக்கவியலாதபடி பின்னியதுமே குற்றமாயின. இரண்டு இலவசங்கள், ஒன்றில் வாங்குவோன் கை கட்டப்படுகின்றது, மற்றதில் அவிழ்க்கப்படுகின்றது. விலைச்சீட்டை மாத்திரம் நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

கட்டற்றதும் கயிறாகலாம்

இவ்வாறு கூறுவதாற் கட்டற்ற மென்பொருளின் பெயரைக் கேட்டவுடனே ஐயம் தீர்ந்தது என்று கருதுதலும் ஆகாது. கையடக்கத் தொலைபேசிகளிற் பரவியுள்ள அன்ட்ரொயிட் இதற்குச் சான்று. அதன் அடித்தளம் லினக்ஸ். மூலநிரலின் பெரும்பகுதி வெளிப்படையானது. எவரும் எடுத்துத் திருத்தலாம். ஆனால், கூகிள் நிறுவனத்தின் செயலிக் கடை இல்லாத தொலைபேசியை வாங்குவோர் அரியர். அக்கடையைத் தம் தொலைபேசியிற் சேர்க்க விரும்பிய உற்பத்தியாளர், கூகிள் ஒப்புக்கொள்ளாத திருத்திய அன்ட்ரொயிட் வகையில் ஒரு தொலைபேசியேனும் விற்கலாகாது என்று ஒப்பமிட வேண்டியதாயிற்று. அமேசன் நிறுவனம் அன்ட்ரொயிட்டைத் திருத்தி அமைத்த முறைமையிற் தொலைபேசி செய்ய விரும்பிய உற்பத்தியாளரை இது தடுத்தது என்று ஐரோப்பிய ஆணைக்குழு கண்டது. 2018 யூலை 18ஆம் திகதி 4,340 மில்லியன் யூரோ தண்டப்பணம் விதிக்கப்பட்டது. 2022 செப்ரெம்பரிற் பொது நீதிமன்றம் அதனை 4,125 மில்லியனாகக் குறைத்து, முடிவைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. திருத்தும் உரிமையை உரிமம் கொடுத்தது. திருத்தியதை விற்கும் உரிமையை ஒப்பந்தம் பறித்தது. வீட்டின் உறுதி கையிலிருந்தும் ஒழுங்கை அடைபட்டவன் நிலை அது.

நாம் கொள்ள வேண்டுவது

இத்தனையும் தொலைதூர நாடுகளின் வழக்குகள்தாமே என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல்கோள் எம் கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்தற்கு இலங்கைத் தொண்டர்கள் சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006இற் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் இடர்களிலும் அது பயன்பட்டது. படி ஒன்றுக்கு இவ்வளவு என்று எவரிடமும் கேட்கப்படவில்லை. அனுமதிக்கு எவரும் காத்திருக்கவில்லை. இத்தகைய ஆக்கம் சிறிய நாடொன்றிலிருந்து உலகுக்குச் செல்ல வேண்டுமாயின், கணினிகள் பேசும் மொழி பொதுவாய் இருத்தல் வேண்டும். வாசலில் வரியும் பாதையில் வேலியும் இருக்குமிடத்து முதலில் வெளியே நிற்பவர் சிறியவரே.

எம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் போட்டிக்கு மாறான செயல்களை விசாரிக்க இடமளிக்கின்றது. ஆனால், சட்டம் வருமுன்னரே வாயிலை அடைப்பதும் திறப்பதும் அலுவலக மேசைகளிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. எம் கல்லூரியிற் கற்றுத் திணைக்களங்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் பொறுப்பு வகிப்போர் பலர். அவர்கள் கணினிக்கும் மென்பொருளுக்கும் கேள்விப்பத்திரம் எழுதும்போது மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. வேண்டிய பணியைக் கூறுகின்றோமா, ஒரு நிறுவனத்தின் பெயரைக் கூறுகின்றோமா? இதிற் சேமிக்கும் கோப்புகளை நாளை வேறொருவரின் மென்பொருள் திறக்குமா? படிக்கு விலை கேளாதவரும் இக்கேள்விக்கு விடை எழுத இடமுண்டா? மூன்றாவது வினாவை ஐரோப்பாவின் அறிஞர்களே 2004இல் முற்றாகக் கேட்கத் தவறினர். அதனைக் கேட்டு விடை காண அவர்கட்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன.

விலை கேளாதவனும் போட்டியாளனே. அவன் விற்பனை செய்யாமையாற் சந்தைக்கு வெளியே உள்ளவன் என்று கருதும் சட்டம், போட்டியின் பெயராலேயே போட்டியைத் தோற்கடித்துவிடும். பாதுகாப்பு எழுதும்போது, வணிகனையும் தொண்டனையும் ஒருங்கே மனத்தில் வைத்து எழுதுதல் வேண்டும். அங்ஙனம் எழுதப்பட்ட 10,000 யூரோ நிபந்தனை ஒன்று, பல நூறு மில்லியன் தண்டப்பணம் செய்யாத பணியைச் செய்தது. இதுவே இவ்வரலாறு எமக்குத் தரும் பாடமாகும்.